சம்பளத்தில் 300 ரூபாய் பிடித்துக் கணக்கு டீச்சர் வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் மலையகத்தில் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். கணவர் கொழும்பில் கடை வேலை. மூத்தவள் பத்தாம் ஆண்டு, சின்னவன் மூன்றாம் ஆண்டு. இரண்டு பேரும் தோட்டப் பாடசாலையில்தான் படிக்கிறார்கள். ஒன்பது மாதமாகக் கணித பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. போன மாதம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கோயில் திருவிழாவுக்குப் பிடிக்கிற மாதிரி வீட்டுக்கு மாதம் 300 ரூபாய் செக்ரோலிலேயே (தோட்டத்துச் சம்பளப் பதிவிலேயே) பிடித்தால் 120 வீட்டுக்கு 36,000 வரும், ஏ.எல். (உயர் தரம்) முடித்த இரண்டு பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கலாம் என்றார் ஒருவர். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கேட்டு ஸ்மார்ட் போர்ட் வாங்கலாம் என்றார் இன்னொருவர். ஒரு தம்பி, ஏற்றுமதியாகும் தேயிலையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் நம் பாடசாலைகளுக்கு ஒதுக்கச் சொல்லி மனு எழுதுவோம் என்றார். இலவசக் கல்வி என்றால் நாம் ஏன் காசு கட்ட வேண்டும் என்று நான் கேட்டேன். எல்லோரும் என்னைச் சுயநலக்காரியைப் போலப் பார்த்தார்கள். "நம்ம புள்ளைக்கு நாமதான் பாக்கணும்" என்கிறார் என் மாமியாரும். நான் கேட்டது தப்பா? அடுத்த கூட்டத்தில் என்ன சொல்வது?
— ஒரு தாய், மஸ்கெலியா

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் கேட்டது தப்பில்லை. அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து, அதிபராக இருந்து, கடைசி நான்கு வருடம் வலயக் கல்விப் பணிமனை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதப் பிடித்தம் பற்றிய பேச்சை எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை நானே அதற்குக் கை தூக்கியிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

1990களின் நடுப்பகுதி. நான் இருந்த பாடசாலையில் ஒரு கட்டடத்தின் கூரைத் தகரம் முழுக்க ஓட்டை. தர வேண்டியவர்கள் தரவில்லை. பெற்றோர் கூடி வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் என்று முடிவெடுத்தோம். நல்ல எண்ணத்தோடுதான் எடுத்தோம். கட்டாத வீட்டுப் பிள்ளைகளின் பெயரை எழுதி வகுப்புக் கதவில் ஒட்டச் சொன்னார்கள். நான்தான் எழுதி ஒட்டினேன். ஐந்தாம் ஆண்டில் நன்றாக வாசிக்கிற ஒரு பிள்ளை, மூன்று மாதம் பாக்கி. பட்டியல் ஒட்டிய மறுநாளிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை. ஒரு கிழமை பொறுத்து அவர்கள் குடியிருந்த லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போய்க் கேட்டேன். "காலையில பள்ளிக்கூடத்துக்குத்தானே போறா" என்றார் பாட்டி. தேடிப் பார்த்தால், வெள்ளைச் சட்டையும் புத்தகப் பையுமாக, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாடசாலை விடும் நேரம் வரை அங்கே இருந்துவிட்டு வீட்டுக்குப் போவாளாம். அவளுடைய அம்மாவுக்கு அந்த மாதம் விழுந்தது பதினொரு பேர். தோட்டத்துக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். வந்தாள். ஆனால் அடுத்த வருடம் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். தகரம் மாற்றி முடிந்தபோது அவள் எங்களிடம் இல்லை.

அந்தப் பட்டியலில் இருந்தது என் கையெழுத்து. அதனால்தான் கட்டாயப் பிடித்தம் என்ற பேச்சு வந்தாலே எனக்கு மனம் பதறுகிறது.

300 ரூபாய் பெரிய காசா என்று கேட்பார்கள். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் பார்த்தால், மாதம் இருபத்தைந்து பேர் விழுகிற வீட்டுக்கு அது ஒரு நாள் சம்பளத்தில் கால் பங்குக்கும் குறைவு. மழைக்காலத்தில் பத்துப் பேர் விழுந்த வீட்டுக்கு, கடைக் கணக்கு ஏறிக் கிடக்கிற வீட்டுக்கு, அது ஒரு கிலோ அரிசிக் காசுக்கும் மேல். தொழிற்சங்கச் சந்தா, கோயில் காசு, தேயிலைத் தூள், கடன் என்று ஏற்கெனவே பிடித்தது போக மிச்சத்தைத்தான் அந்த அம்மா கையில் வாங்குகிறார். சம்மதம் கேட்டுத்தானே பிடிக்கப் போகிறோம் என்பார்கள். கூட்டத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது "என்னால் முடியாது" என்று எந்தத் தாய் எழுந்து சொல்வாள்? தன் பிள்ளையைத்தான் மெதுவாக நிறுத்துவாள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அது பணிமனையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பெற்றோர் காசில் யாராவது வகுப்பில் நின்றுவிட்டால், அந்த வெற்றிடம் வெளியில் தெரியாது. நேரசூசியில் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கும். எல்லா வருடமும் ஆசிரியர் கேட்டு வரும் கடிதங்கள், கொடுக்க இருக்கிற ஆசிரியர்களை விட அதிகம். யாருக்கு அனுப்புவது என்று பார்க்கும்போது, "அங்கே யாரோ படிப்பிக்கிறார்களாமே" என்ற ஒரு வார்த்தையில் ஒரு பாடசாலையின் கோப்பு அடிக்குப் போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சேர்த்த காசே ஆசிரியர் வருவதைத் தள்ளிப்போடும். இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 18,000 கொடுப்பீர்கள். அவர்களுக்குக் கொழும்பில் ஒரு வேலை கிடைத்த அன்று வகுப்பு மறுபடி வெறுமையாகும். அப்போது அடுத்த வருட வரிசையில் கடைசியில் நிற்பீர்கள்.

மாமியாரிடம் இதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சொல்வது அனுபவத்தில் வந்த பேச்சு. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டத்துப் பிள்ளைகள் அதற்குள் வரவில்லை. அவர்களுடைய பள்ளிக்கூடம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. 1948இல் குடியுரிமையும் போனது. நாடற்ற பிள்ளைக்கு யாரிடம் போய் ஆசிரியர் கேட்பது? கோயில் மண்டபத்திலும் லாம்பு வெளிச்சத்திலும் தாங்களே நடத்திக்கொண்டதுதான் அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த பள்ளிக்கூடம். 1970களில்தான் அரசாங்கம் இந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது, பெரும்பாலானவற்றை 1977இலும் அதன் பிறகும். அப்புறம் சுவீடன் உதவியில் கட்டடங்கள் வந்தன. ஜெர்மன் உதவியில் பத்தனையில் ஆசிரியர்களைப் பயிற்றும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. ஆனால் எது எங்கள் பாடசாலைகளைத் தூக்கி நிறுத்தியது என்று என்னைக் கேட்டால், லயத்தில் பிறந்த பிள்ளைகள் நிரந்தர நியமனத்தோடு ஆசிரியர்களாகத் தோட்டத்துக்குத் திரும்பி வந்ததைத்தான் சொல்வேன். அரசாங்கச் சம்பளத்தில் வந்தார்கள். அந்தச் சம்பளத்துக்காக எத்தனை பேர் எத்தனை வருடம் கேட்டார்கள் என்பது மாமியாருக்கும் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்.

இன்றைக்கு நிலைமை வேறு. 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பது 2016இலிருந்து இந்த நாட்டின் விதி. பிள்ளை வர வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறவர்கள், வகுப்பில் ஆசிரியர் நிற்கவும் வழி செய்ய வேண்டும். கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். இதில் சுயநலம் எங்கே இருக்கிறது?

சரி, கேட்பது எப்படி என்பதுதான் விஷயம். "டீச்சர் இல்லை, டீச்சர் தாங்க" என்று எழுதினால் அந்தக் கடிதம் மற்ற நூறு கடிதங்களோடு போய்ச் சேரும். முதலில் உங்களுக்குச் சேர வேண்டிய கணித ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடியுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு பாடசாலைக்கும் பாடவாரியாக இத்தனை ஆசிரியர் என்று அனுமதிக்கப்பட்ட ஆளணி உண்டு. உங்கள் பாடசாலைக்குக் கணிதத்துக்கு ஒருவர் அல்லது இருவர் அதில் இருப்பார்கள். அந்த இடம் உண்மையிலேயே காலியாக இருக்கலாம். அல்லது நியமனம் உங்கள் பாடசாலைக்கு, வேலை நகரத்துப் பாடசாலையில் என்று இருக்கலாம். இதற்குத் தற்காலிக இணைப்பு என்று பெயர். பிரசவம், சுகமின்மை, சின்னக் குழந்தை என்று நியாயமான காரணத்துக்குத்தான் கொடுப்பார்கள். ஆனால் மூன்று மாதத்துக்குக் கொடுத்தது மூன்று வருடம் ஓடும். கடதாசியில் உங்களுக்கு ஆசிரியர் இருப்பார். வகுப்பில் இருக்க மாட்டார். கடதாசியில் இருப்பதால் புது ஆளும் தர மாட்டார்கள்.

இதைத் தெரிந்துகொள்ள உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். குடிமக்கள் யாரும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ மேன்முறையீடு உண்டு. அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. குடியுரிமைக்காக அரை நூற்றாண்டு காத்திருந்த சமூகம் நாம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது முடிந்தது. அந்தக் குடியுரிமையை வாக்குப் போடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதாது.

என்ன கேட்பது? எங்கள் பாடசாலைக்குக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை பேர், இன்றைய திகதியில் பதிவில் எத்தனை பேர், அவர்களில் யாராவது வேறு இடத்துக்கு இணைக்கப்பட்டிருக்கிறார்களா, எந்தத் திகதியிலிருந்து, எது வரை என்று கேளுங்கள். ஆசிரியரின் பெயர் வேண்டியதில்லை, தனிமனிதர் மேல் கோபம் திரும்ப வேண்டாம். எங்கள் கல்விக் கோட்டத்தில் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளில் கணித ஆசிரியர் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் கிழமைக்கு எத்தனை பாடவேளை என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பக்கத்துப் பாடசாலையில் மூன்று பேர் குறைந்த பாடவேளையோடு இருந்தால், ஒருவரைக் கிழமைக்கு இரண்டு நாள் உங்களுக்கு விடச் சொல்லிக் கேட்க முடியும். புது நியமனத்துக்கு வருடம் காத்திருக்க வேண்டும். இது ஒரு தவணைக்குள் நடக்கக்கூடிய காரியம். நான் பணிமனையில் இருந்தபோது இப்படிக் கணக்கோடு வந்து கேட்ட பெற்றோரை வெறுங்கையோடு அனுப்புவது எங்களுக்கே கஷ்டமாக இருந்தது.

கடிதத்தோடு இன்னொன்றும் கேளுங்கள். தர உள்ளீடு என்று ஒவ்வொரு பாடசாலைக்கும் வருடாவருடம் காசு ஒதுக்குகிறார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வகுப்புகளையும் வைத்துக் கணக்கிடுவார்கள். வரைபடம், கணித உபகரணம், வாசிப்புப் புத்தகம், போட்டோகொப்பிக் கடதாசி எல்லாம் அதில் வாங்கலாம். கடந்த மூன்று வருடம் உங்கள் பாடசாலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று பாருங்கள். அந்தக் காசு முழுதாகச் செலவாகாமல் திரும்பிப் போன பாடசாலைகள் எனக்குத் தெரியும். அதே பாடசாலையில் பெற்றோரிடம் கடதாசிக்குக் காசு கேட்டதும் தெரியும்.

அதிபரை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான தோட்டப் பாடசாலை அதிபர்கள் வகுப்பும் எடுத்து, எழுத்து வேலையும் பார்த்து, மழையில் தண்ணீர்க் குழாயும் திருத்துகிறவர்கள். மேலிடத்தைக் கேள்வி கேட்டு அவரால் கடிதம் எழுத முடியாது, உங்களால் முடியும். முதலில் அவரிடமே போய், "சேர், நாங்கள் பெற்றோராகக் கேட்கப் போகிறோம், உங்களுக்குத் தொந்தரவு வராது" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பதில் வந்த பிறகு, சங்கத்தின் தீர்மானமாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். உங்களுடையது மாகாணப் பாடசாலை. அதனால் கண்டியில் உள்ள மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் பிரதி போக வேண்டும். நேரே கொழும்பு அமைச்சுக்கு எழுதினால் அது சுற்றிச் சுற்றி மறுபடி கண்டிக்குத்தான் வரும்.

ஆசிரியர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் உங்கள் தோட்டம் செய்யக்கூடிய பெரிய வேலை இருக்கிறது. புதிதாக வந்த கணித ஆசிரியர் ஏன் ஒரு வருடத்தில் மாற்றம் கேட்கிறார் தெரியுமா? பிரதான வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மேலே நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்குப் போக வர ஒரு நாளைக்கு அவருடைய சம்பளத்தில் பெரும் துண்டு போய்விடும். இளம் பெண்ணாக இருந்தால் தங்குவதற்குப் பூட்டுள்ள ஓர் அறை, பக்கத்தில் ஒரு கழிப்பறை கிடையாது. நான் முதல் நியமனத்தில் போன இடத்தில் ஒரு கணக்கப்பிள்ளை வீட்டார் எனக்கு ஓர் அறையும் இரவுச் சாப்பாடும் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. அந்தத் தோட்டத்தில் ஏழு வருடம் இருந்தேன். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. போக மனம் வரவில்லை.

ஆகவே கூட்டத்தில் காசைப் பற்றிப் பேச்சு வரும்போது, சம்பளம் கொடுப்பதை விட்டுவிட்டு, வருகிற ஆசிரியர் தங்குவதற்கும் வந்து போவதற்கும் என்ன செய்யலாம் என்று திருப்புங்கள். தோட்டத்தில் சும்மா கிடக்கிற ஒரு குவார்ட்டர்ஸைத் துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், கேட்கலாம். நிலமும் கட்டடமும் குத்தகைக் கம்பனியின் கையில் இருப்பதால் எழுத்தில் வாங்குங்கள்; வாய்வார்த்தை துரை மாறியதும் மாறிவிடும். சுண்ணாம்பு அடிக்கவும் கதவு திருத்தவும் தோட்டத்தில் கைகள் இருக்கின்றன. பக்கத்துப் பாடசாலையிலிருந்து இரண்டு நாள் வருபவருக்கு ஆட்டோக் காசு கொடுக்கலாம். தோட்டத்தில் ஆட்டோ வைத்திருக்கிற நாலு பேர் முறை வைத்து பஸ் இறங்கும் இடத்திலிருந்து கூட்டி வந்தால் அந்தக் காசும் குறையும்.

இதற்கும் காசு வேண்டும்தான். யாரிடம் கேட்பது என்றால், நாட்சம்பளத்தை மட்டும் நம்பி வேலை செய்கிறவர்களைக் கடைசியில் வையுங்கள். உங்கள் தோட்டத்துக்கு ஃபெயார்ட்ரேட் (நியாய வணிக) சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், விற்கிற தேயிலைக்கு மேலதிகமாக வரும் பிரீமியம் காசை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்வது தொழிலாளர்கள் தெரிவு செய்த குழு. அதில் யார் இருக்கிறார்கள், போன வருடம் எதற்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பல தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கே அந்தக் காசு தங்களுடையது என்று தெரியாது. அடுத்து, மாதாமாதம் சந்தா வாங்குகிற தொழிற்சங்கங்கள். சந்தா கொடுப்பவர்களின் பிள்ளைகள் படிக்கிற பாடசாலைக்கு ஆட்டோக் காசு தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாச் சங்கங்களிடமும் ஒரே கடிதத்தைக் கொடுங்கள், ஒன்றிடம் மட்டும் கேட்டால் பாடசாலை கட்சிக்காரர்கள் கைக்குப் போய்விடும்.

பிரதேச சபையையும் மறக்க வேண்டாம். தோட்டங்களுக்குள் சபைக் காசைச் செலவழிக்க முன்பு சட்டத்தில் தடை இருந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். இப்போது ஒரு வாசிகசாலை, பாடசாலைக்குப் போகும் பாதை, லயத்தடியில் ஒரு விளக்கு என்று உரிமையோடு கேட்கலாம். மாலையில் பத்துப் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க வெளிச்சமுள்ள ஓர் அறை கிடைத்தால், அதன் பெறுமதி எனக்குத் தெரியும். பத்தடி லயத்துக் காம்பராவில் தொலைக்காட்சியும் அடுப்புப் புகையும் தம்பி தங்கையும் சேர்ந்திருக்க, எந்தப் பிள்ளை கேத்திர கணிதம் செய்யும்?

வெளியில் இருக்கும் பழைய மாணவர்களிடம் கேட்கலாம், விரும்பினால் தரட்டும். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிற பெண்களிடம் மட்டும் தயவுசெய்து தொகை சொல்லிக் கேட்காதீர்கள். அவர்கள் ஏற்கெனவே இரண்டு வீட்டைத் தாங்குகிறார்கள். வருகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு, சங்கத்தின் வங்கிக் கணக்கு, மாதக் கடைசியில் பாடசாலைப் பலகையில் வரவு செலவு. கொடுத்தவர் பெயரையும் போட வேண்டாம், கொடுக்காதவர் பெயரையும் போட வேண்டாம். தொகை மட்டும் போதும்.

ஸ்மார்ட் போர்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. படிப்பிக்க ஆசிரியர் இருக்கிற பாடசாலைக்கு அது நல்ல கருவி. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

கிலோவுக்கு ஒரு ரூபாய் என்று சொன்ன தம்பிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நன்றாக யோசித்திருக்கிறார். இலங்கை வருடத்துக்கு 24 கோடி கிலோவைச் சுற்றித் தேயிலை ஏற்றுமதி செய்கிறது. கிலோவுக்கு ஒரு ரூபாய் என்றால் 24 கோடி ரூபாய். உலகச் சந்தையில் சிலோன் தேயிலைக்கு விளம்பரம் செய்வதற்காகக் கிலோவுக்கு 3.50 ரூபாய் வீதம் 2010இலிருந்து அறவிட்டிருக்கிறார்கள். விளம்பரத்துக்கு அறவிட முடிந்தது பிள்ளைகளுக்கு ஏன் முடியாது என்று அவர் கேட்கலாம். ஒன்றை மட்டும் மனுவில் கவனிக்கச் சொல்லுங்கள். இந்த நாட்டுத் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறுதோட்டக்காரர்களுடையது, அதிலும் தெற்குப் பக்கத்துச் சிங்களக் குடும்பங்கள் நிறையப் பேர். அந்த ஒரு ரூபாயைக் கொழுந்து விலையில் கழித்துவிட்டால், நம் பிள்ளைக்காக இன்னொரு ஏழையின் வயிற்றில் அடித்ததாகிவிடும். ஏற்றுமதியாளர் கையிலிருந்து வர வேண்டும், தேயிலை பயிரிடும் எல்லாப் பகுதிப் பின்தங்கிய பாடசாலைகளுக்கும் போக வேண்டும் என்று எழுதினால், மாத்தறையிலும் காலியிலும் இருப்பவர்களும் கையெழுத்துப் போடுவார்கள்.

நாடு கல்விக்கு ஒதுக்கும் மொத்தக் காசு என்ற பெரிய பானையையும் தம்பி பார்க்கட்டும். 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. 4 முதல் 6 சதவீதம் வரை என்பது 2015இல் உலக நாடுகள் ஒத்துக்கொண்ட அளவு. நம் நாட்டில் அது நெடுங்காலமாக 2 சதவீதத்தைச் சுற்றியே இழுபடுகிறது. உங்கள் வகுப்பில் ஆசிரியர் இல்லாததன் வேர் அங்கே இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் வரி கட்டுவதில்லை, அதனால் கேட்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். சவர்க்காரம் வாங்கும்போதும் போனுக்கு ரீலோட் போடும்போதும் நீங்கள் கட்டுகிறீர்கள். பாடசாலைக்கான காசை ஏற்கெனவே ஒரு தடவை கொடுத்துவிட்டீர்கள்.

கடைசியாக உங்கள் மூத்த மகள். நான் அதிகம் யோசித்தது அவளைப் பற்றித்தான். பத்தாம் ஆண்டில் ஒன்பது மாதம் கணிதம் இல்லாமல் போவது சின்னக் காரியமில்லை. பதினோராம் ஆண்டோடு எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி எல்லாம் எட்டாமல் போகும். நம் பிள்ளைகள் அதிகம் விரும்பிப் போகும் வழிகள் அவை. பணிமனை பதில் சொல்லும் வரை அவள் காத்திருக்க முடியாது. ஏ.எல். எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளை ஒன்று உங்கள் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ கட்டாயம் இருக்கும். வகுப்பு நேரத்தில் ஆசிரியருக்குப் பதிலாக நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த வெற்றிடம் வெற்றிடமாகவே தெரியட்டும். மாலையில் ஒன்றரை மணித்தியாலம், கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ, பத்துப் பதினொன்று இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்கார வைத்துக் கடந்த கால வினாத்தாள்களைச் செய்யட்டும். பின்னம், சதவீதம், சமன்பாடு, வரைபு. முதலில் இவை நாலும் பிடிபட்டால் சித்தி பெறும் அளவுக்கு வந்துவிடலாம். அந்தப் பிள்ளைக்குச் சங்கம் ஒரு சிறு தொகை கொடுக்கலாம், அதற்கு மனமுள்ளவர்கள் தருவது போதும். காசு தராத வீட்டுப் பிள்ளையும் முன் வரிசையில் உட்காரலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சின்னவன் இருக்கிற மூன்றாம் ஆண்டுக்கு இப்போது அவசரம் இல்லை. இரவில் அவனை அக்காவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் நீண்ட பேச்சு வேண்டாம். "நான் காசு தர மாட்டேன் என்று சொல்லவில்லை. முதலில் நமக்குச் சேர வேண்டிய டீச்சர் எங்கே என்று எழுதிக் கேட்போம். பதில் வரட்டும், அதற்குப் பிறகு எதற்குக் காசு சேர்ப்பது என்று பேசுவோம்" என்று சொல்லிவிட்டு, எழுதிய கடிதத்தைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். எழுதிக்கொண்டு போவது முக்கியம். வெறும் பேச்சாக இருந்தால் மறுபடி 300 ரூபாய்க்குத் திரும்பிவிடும். மாமியாரை முதல் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அவர் போட்டால் லயமே போடும்.

பணிமனைக்குப் போகிற அன்று ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று தெரியும். இரண்டு பேராகப் போங்கள். இரண்டு பிரதி கொண்டு போய், ஒன்றில் முத்திரையும் திகதியும் போட்டு வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும். அதைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 14 வேலை நாட்களை நானும் இங்கே நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன். பதில் வரவில்லை என்றால் மேன்முறையீட்டை நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
டீச்சர்